நீல மையில் ஒரு சிபாரிசு

பச்சையம்மா அன்று தனக்காக அழவில்லை. எனக்காக வருத்தப்பட்டாள். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு ஜீரணமாகாத விஷயம் அதுதான்.

ஆடி மாதம். வேங்கிக்காலில் எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். புளித்த கேழ்வரகு வாசனையும் வேப்பிலை வாசனையும் வீட்டுக்குள் வரை வந்துகொண்டிருந்தன. நான் வாசலில் நின்றபடி ஒரு சொம்புக் கூழைச் சின்ன வெங்காயத்தோடு குடித்துக்கொண்டிருந்தேன். எம்.எல்.ஏ. ஆனவர் தெருவில் நின்று கூழ் குடிக்கலாமா என்று கேட்டுவிட்டு என் மனைவி தனலட்சுமி அப்போதுதான் உள்ளே போயிருந்தாள்.

அடி அண்ணாமலையிலிருந்து பச்சையம்மா வந்தாள். ஒன்றரை ஏக்கர் மானாவாரியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைக்கிற குடும்பம். கூடவே மகள் உண்ணாமலை. எஸ்.எஸ்.எல்.சி.யில் அந்த வருஷம் பள்ளிக்கூடத்திலேயே அதிக மார்க் வாங்கியவள். டீச்சர் டிரெயினிங்குக்கு மனு போட்டிருந்தாள். அவளுக்காக நானே என் கைப்படச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"இன்னாம்மா, லிஸ்ட் போட்டுட்டாங்களா?" என்றேன்.

"போட்டுட்டாங்க எம்மெல்லே. பாப்பா பேரு இல்ல."

"இல்லியா? என் லெட்டரைக் குடுத்தீங்க இல்ல?"

"வேலூருக்குப் போய் அந்த ஆபீசரு கையிலயே குடுத்தோங்க. பிரிச்சுப் பாத்துட்டு, சரி போங்கம்மான்னாரு."

கையிலிருந்த கூழ்ச் சொம்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பச்சையம்மா என்னைச் சமாதானப்படுத்தத் தொடங்கினாள்.

"எங்களுக்குக் கெடைக்காதது கூட பெருசு இல்லீங்க. உங்க பேச்சு எடுபடாம பூடுச்சேன்னுதான் மனசு கேக்கல. ஊர்ல ஒருத்தர்கிட்டயும் நாங்க சொல்லிக்கல. எம்மெல்லே லெட்டருக்கே மரியாதை இல்லன்னு நாலு பேரு பேசிடக் கூடாது இல்லீங்களா?"

மடியிலிருந்து ஒரு பொட்டலம் வறுத்த மல்லாட்டையை எடுத்து என் கையில் வைத்தாள். உண்ணாமலை தாய்க்குப் பின்னால் நின்றாள். மார்க் ஷீட்டை ஒரு பழைய காலண்டர் தாளில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் கடிதத்தைத் தூக்கிப் போட அவன் யார்? மறுநாளே வேலூருக்குப் போய் ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இரண்டு பேனாக்கள்

இந்தத் தொடரைப் படித்துவரும் போளூர் வாசகர் ஒருவர், "உங்களைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொண்டு வருகிறீர்களே, தப்பே செய்ததில்லையா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். ஐயா, இந்த வாரம் உங்களுக்காக.

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் முதல்முறை ஜெயித்தபோது எனக்கு இருந்த அனுபவமெல்லாம் பஞ்சாயத்துத் தலைவராக இருந்ததுதான். சட்டசபையில் எங்கள் ஏரி மதகைப் பற்றி மூன்று நிமிஷம் பேசினேன். மதகு சரியானது. அதைப் பற்றி இரண்டு வாரம் எழுதி உங்களை ஏற்கெனவே சலிப்படைய வைத்துவிட்டேன்.

மெட்ராஸில் இருந்த நாட்களைவிட ஊரில் இருந்த நாட்கள்தான் கஷ்டம். விடிந்தால் வாசலில் ஐம்பது, அறுபது பேர். ஒருவருக்கு மகனை டிரான்ஸ்ஃபர் பண்ண வேண்டும். ஒருவருக்குக் கரண்ட் மோட்டார். எல்லோருக்கும் என் லெட்டர்பேடில் நாலு வரி. செய்ய முடிந்தது பத்துக்கு ஒன்று. செய்யக் கூடாதது அதில் பாதி. ஆனால் வந்தவனை வெறும் கையோடு அனுப்பினால் அவன் வீட்டு ஓட்டு போச்சு.

அப்போதுதான் கோதண்டம் சார் என் வாழ்க்கைக்குள் வந்தார். தாலுகா ஆபீஸில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ரிட்டயரானவர். மழை வந்தாலும் வராவிட்டாலும் கக்கத்தில் குடை இருக்கும். என்மேல் பிரியம் வைத்து, சம்பளம் வாங்காமல் என் கடிதங்களைக் கவனித்துக்கொண்டார். முதல் வாரமே இரண்டு பேனாக்களை என் முன்னால் வைத்தார்.

"தலைவரே, முடியாதுன்ற வார்த்தை மட்டும் உங்க வாயில வரக் கூடாது. யார் கேட்டாலும் லெட்டர் குடுங்க. நெஜமாவே செய்யணும்னா பச்சை மையில எழுதுங்க. நீலத்துல எழுதினா, படிச்சுட்டு ஓரமா வெச்சிடட்டும். ஆபீசருங்களுக்கு நான் காதுல போட்டுடறேன்."

சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு அது பிரமாதமான யோசனையாகத் தோன்றியது. ஒரே மாதத்தில் தாலுகா ஆபீஸிலிருந்து வேலூர் வரை எல்லா அதிகாரிகளுக்கும் செய்தி போய்விட்டது. வந்தவர்கள் எல்லோரும் கும்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போனார்கள். எங்கள் எம்.எல்.ஏ. இல்லை என்று சொல்லாத மனுஷன் என்று பெயரும் கிடைத்தது.

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர்கூட ஒருநாள் வந்தார். விடியற்காலையில் புல்லாங்குழல் வாசிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் தடுக்கிறாராம், அதற்கு ஒரு கடிதம் வேண்டுமாம். இவருக்கு ஓட்டு இல்லை என்று கோதண்டம் சார் கண்ணைக் காட்டினார். நீலத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

வேலூர் பஸ்ஸில் ஒத்திகை

அப்போது நமக்குத் தனி மாவட்டம் கிடையாது. இன்றைக்குக் கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலில் அன்று நெல்லும் மல்லாட்டையும்தான். எதற்கெடுத்தாலும் வேலூருக்குத்தான் ஓட வேண்டும். நானும் கோதண்டம் சாரும் காலை பஸ்ஸில் ஏறினோம். போளூர் தாண்டும்வரை அந்த அதிகாரியை என்ன என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்ணமங்கலத்தில் டீ குடிக்கும்போது சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. டீக்கடைக்காரர் இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.

அந்த அதிகாரியின் பெயரும் பதவியும் வேண்டாம். மெலிந்த, அமைதியான மனிதர். மூக்குப்பொடி போடுகிறவர். நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்றார்.

"ஒரு ஏழைப் பொண்ணு. நல்ல மார்க்கு. நான் கைப்பட எழுதிக் குடுத்திருக்கேன். அதுக்கு நீங்க குடுக்கற மரியாதை இதானா?" என்று பிடித்துக்கொண்டேன்.

"மரியாதை குடுத்துதான் சார் அந்தப் பேரை எடுத்தேன்," என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். கட்டை அவிழ்த்து, ஒரு கடிதத்தைத் தேடி உருவி, என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

என் கையெழுத்துதான். வழக்கமான நாலு வரி இல்லை, பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். "இந்தப் பெண் ஆசிரியையானால் எங்கள் பகுதிக்கே நல்லது" என்றுகூட எழுதியிருந்தேன். அத்தனையும் நீல மையில்.

உட்கார்ந்துவிட்டேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"கடைசி எடத்துக்கு ரெண்டு பொண்ணுங்க இருந்தாங்க சார். உங்க பொண்ணுக்கு ரெண்டு மார்க்கு ஜாஸ்தி. ஆனா எம்.எல்.ஏ. நீலத்துல எழுதியிருக்காரே, இவ்வளவு நீளமா வேற எழுதியிருக்காரே, அவருக்கு ஏதோ நெருக்கடி, இஷ்டமில்லாம எழுதியிருக்காரு போலனு நெனச்சுட்டேன். அடுத்த பொண்ணைப் போட்டுட்டேன்."

"லெட்டரே வராம இருந்திருந்தா?"

பொடி டப்பாவை மூடி வைத்தார். "கெடச்சிருக்கும் சார்."

பக்கத்தில் கோதண்டம் சார் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஆனி முகூர்த்தம்

எப்படி நடந்தது என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே ஞாபகம் வந்துவிட்டது.

முந்தைய மாதம் ஆனி. முகூர்த்த நாள். எம்.எல்.ஏ. என்றால் அன்றைக்கு ஏழெட்டுக் கல்யாணம். கல்யாணத்துக்குப் போகும்போது நான் பச்சைப் பேனாவை எடுத்துப் போவதே இல்லை. பந்தலில் கையை நனைக்கும்போதுகூட ஒருவர் மனுவை நீட்டுவார். மாப்பிள்ளையே மாலையும் கழுத்துமாக வந்து வேலைக்கு லெட்டர் கேட்டதுண்டு. அங்கே கேட்கிறவர்களுக்கெல்லாம் நீலம்தான் என்பது எங்களுக்குள் ஒரு சட்டம். தவறிப்போய்ப் பச்சையில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பேனா வீட்டு அலமாரியில் தூங்கும்.

அப்படி ஒரு கல்யாணத்தில்தான் பச்சையம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மேளச் சத்தத்தில் அவள் சொன்னது பாதி காதில் விழவில்லை. மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். கணக்கில் அப்படி ஒரு மார்க்கை எங்கள் ஊர்ப் பக்கம் நான் பார்த்ததில்லை. எங்கள் கழனிகளில் களை வெட்டுகிற வீட்டிலிருந்து ஒரு டீச்சர் வரப்போகிறாள் என்ற சந்தோஷத்தில், பந்திப் பாயைச் சுருட்டி மடியில் வைத்து, அதன்மேலேயே எழுதினேன். என்ன பேனா என்று பார்க்கவே இல்லை. மனசாரச் செய்கிறவனுக்குப் பேனா ஞாபகம் எங்கே இருக்கும்? பச்சை, நீலம் என்று பிரித்து வைத்ததையே மறந்துபோய், என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே மிக உண்மையான சிபாரிசை எழுதினேன். அதுதான் அவள் இடத்தைப் பறித்தது.

"இப்போ இன்னா பண்ண முடியும்?" என்று அதிகாரியைக் கேட்டேன்.

"ஒட்டின லிஸ்டை மாத்த முடியாது சார். மத்தப் பொண்ணு மேலயும் தப்பில்ல. யாராவது சேராம போனா, காத்திருப்போர் பட்டியல்ல முதல் பேருக்கு அந்த எடம் போகும். இவளை முதல்ல வைக்கலாம். ஆனா ஃபைல்ல காரணம் இருக்கணும். நீங்க எழுதிக் குடுக்கணும்."

கோதண்டம் சார் என் முழங்கையைப் பிடித்தார். "தலைவரே, வேணாம். இது கவர்மெண்ட் ஃபைலு. நாளைக்கு எவனாவது இதை எடுத்துக்கினு போய் சட்டசபையில படிச்சான்னா உங்க கதை முடிஞ்சுது."

அவர் சொன்னது நிஜம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் வறுத்த மல்லாட்டைப் பொட்டலம் இன்னும் என் பையிலேயே இருந்தது. முந்தின நாளிலிருந்து அதைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. அதிகாரியின் பேனாவையே வாங்கி எழுதினேன். இந்த மாணவிக்காக நான் கொடுத்த கடிதம் தவறாகப் பொருள் கொள்ளப்பட்டது என்றும், அதற்கு நானும் நான் ஏற்படுத்தி வைத்த வழக்கமும்தான் காரணம் என்றும், என் கடிதத்தையும் அதன் மையையும் பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் பார்க்க வேண்டும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பேனா என்ன நிறத்தில் எழுதியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கொல்லையில் நின்ற கேள்வி

மறுநாள் காலை அடி அண்ணாமலைக்குப் போனேன். தாயும் மகளும் தங்கள் மானாவாரிக் கொல்லையில் மல்லாட்டைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின இரவு மழை பெய்திருந்ததால் மலை கழுவி வைத்தது போல இருந்தது. வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை, நீலம், கல்யாணப் பந்தல், அந்த ரெண்டு மார்க், எதையும் மறைக்கவில்லை.

பச்சையம்மாவுக்கு விஷயம் முழுசாக விளங்கவில்லை. "வுடுங்க எம்மெல்லே, வேணும்னா செஞ்சீங்க?" என்றாள்.

உண்ணாமலைக்கு விளங்கிவிட்டது. அன்றுதான் அவள் குரலையே கேட்டேன்.

"அப்போ எங்க ஊர்லேருந்து இவ்ளோ நாளா உங்ககிட்ட லெட்டர் வாங்கினவங்கல்லாம் சார்?"

"ஏய், சும்மா இருடி," என்று தாய் அதட்டினாள்.

"இருக்கட்டும்மா, கேக்கட்டும்," என்றேன்.

"முடியாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா அவங்க வேற எங்கனா போய்க் கேட்டிருப்பாங்க சார். நடக்கும் நடக்கும்னு காத்துக்கினு இருந்திருக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டுக் குனிந்து களை வெட்டத் தொடங்கிவிட்டாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. கட்சி வேட்டி கட்டிக்கொண்டு வரப்பில் நின்று அழுத எம்.எல்.ஏ. நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அந்த வாரமே கோதண்டம் சாரை உட்கார வைத்து, ஞாபகத்திலிருந்து பெயர்களை எழுதினோம். மலை சுற்றுகிற பாதையில் இருந்த ஊர்களில் வீடு வீடாகப் போய், உங்களுக்கு நான் கொடுத்த கடிதம் செல்லாது, வேறு வழி பாருங்கள் என்று சொன்னேன். சிலர் திட்டினார்கள். ஒருவர் முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினார். ஒரு டீக்கடைக்காரர் மட்டும் சிரித்துவிட்டார்.

"இதைச் சொல்லவா வெயில்ல வந்தீங்க? நீலம்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் போவும்னு எங்களுக்கு எப்பவோ தெரியுமே. பாவம், பச்சையம்மாதான் வெகுளி, நெஜம்னு நம்பிக்கினு இருந்துச்சு."

இல்லை என்று சொல்லாத மனுஷன் என்ற என் பெயர் எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வந்துட்டுது

சேர்வதற்குக் கடைசி நாள் ஆவணியில். நான் நாள்காட்டியைப் பார்க்கிற நேரம் சாமி படத்தைப் பார்க்கிற நேரத்தைவிட அதிகமாகிவிட்டது. மெட்ராஸ் விடுதியில் இருந்தாலும் போன் போட்டுத் தனலட்சுமியிடம் கேட்பேன். "ஒண்ணும் வரல. வந்தா சொல்ல மாட்டேனா?" என்று சலித்துக்கொள்வாள்.

ஒருநாள் காலை நான் வீட்டில் இருந்தபோது தெருமுனையிலிருந்தே சத்தம் கேட்டது. "வந்துட்டுது எம்மெல்லே! பாப்பாவுக்கு வந்துட்டுது!" பச்சையம்மா டிரெயினிங்கில் சேரச் சொல்லி வந்த கார்டைக் கொடி போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆம்பூர் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு நர்ஸ் டிரெயினிங் கிடைத்துவிட, அவள் இங்கே சேரவில்லை. அந்த இடம் உண்ணாமலைக்கு.

தனலட்சுமி உள்ளேயிருந்து சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்து பச்சையம்மா வாயில் ஒரு கை போட்டாள். எனக்கும் போட்டாள். பழைய மல்லாட்டைப் பொட்டலத்தை அன்று பிரித்தேன். நமுத்துப் போயிருந்தது. ஒன்று விடாமல் தின்றேன்.

அதற்குப்பிறகு இரண்டு பேனாக்களையும் கோதண்டம் சாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். முடியாததை முடியாது என்று சொல்லப் பழகினேன். முதலில் மாட்டியவர் என் மைத்துனர். இரண்டு பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கோதண்டம் சாரும் கோபித்துக்கொண்டார்.

"அடுத்த தரம் டெபாசிட் போயிடும் தலைவரே, எழுதி வெச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனவர், மூன்று வாரம் கழித்துக் குடையோடு திரும்பி வந்தார். வீட்டில் பொழுது போகவில்லையாம்.

டெபாசிட் போகவில்லை. அடுத்த தேர்தலில் ஓட்டு கம்மியானது, ஆனால் ஜெயித்தேன். ஊர்க்காரர்கள் மனுவோடு வந்தால், "ஆகுமா, ஆகாதா, அதை மட்டும் சொல்லுங்க" என்று முதலிலேயே கேட்கத் தொடங்கினார்கள். ஆகும் என்று நான் சொன்னவற்றுக்காக ஆபீஸ் ஆபீஸாக என்னோடு அவர்களே நடந்தார்கள். வாசலில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. நடந்து முடிந்த காரியங்கள் முன்பைவிட ஜாஸ்தி.

கையை நீட்டுங்க

எண்பதுகளின் நடுவில் இன்னொரு தேர்தல். வேங்கிக்கால் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஓட்டு. வேட்பாளர் என்பதற்காக யாரும் வழிவிட வேண்டாம் என்று வரிசையிலேயே நின்றேன். உள்ளே நுழைந்தால், மை வைக்கிற மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு டீச்சர். வெளியூர்ப் பள்ளிக்கூடங்களிலிருந்து டீச்சர்களைத் தேர்தல் வேலைக்கு அனுப்புவார்கள் அல்லவா, அப்படி வந்திருந்தாள். சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

ஒருவர் என் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படித்தார். ஏஜெண்டுகள் நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சர் தலை நிமிராமலே, "கையை நீட்டுங்க," என்றாள்.

அந்தக் குரலை நான் எப்படி மறப்பேன்? கொல்லையில் கேட்ட அதே குரல்.

நீட்டினேன். உண்ணாமலை டீச்சர் மைப்புட்டியில் குச்சியை நனைத்து, என் விரலைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இங்க ஒரே கலர்தான் சார். எல்லாருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வாக்குச்சாவடியில் சிரிக்கக் கூடாது என்று சட்டம் இல்லாததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நகத்துக்கும் தோலுக்குமாக மையைப் பட்டையாக இழுத்து விட்டு, "அடுத்தவங்க வாங்க," என்றாள்.

அந்தத் தேர்தலில் நான் தோற்றேன். ரிசல்ட் வந்த அன்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தனலட்சுமி ஒரு எலுமிச்சம்பழத்தை அரிந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"விரலைக் குடுங்க. தேச்சா இந்த மை போயிடும். பாக்கப் பாக்க உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்."

"இருக்கட்டும் விடு," என்று கையை இழுத்துக்கொண்டேன். "அது உண்ணாமலை டீச்சர் வெச்சது."